பெண் கேட்கப் போய் இளநீர் கேட்டவன்

1

என்னைவிடப் பெரிய கூமுட்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோழி முட்டையைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. பாலை விட்டேன், நெய்யை விட்டேன், அடுப்பில் ஏறி இறங்கிய எதையும் விட்டேன். கூமுட்டைத்தனத்தை மட்டும் விட முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக நீங்கள் என்னைத் திட்டத்தான் போகிறீர்கள். அப்போது, ‘பாவம், அவனே ஒத்துக்கிட்டானே’ என்று கொஞ்சம் இரக்கம் வரும்.

பிறந்தது அனுமந்தன்பட்டியில், திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில். இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் வருடாவருடம் ஒரு மலர் போடும். நான் பச்சைக் காய்கறிக்கு மாறி இரண்டு வருடம் நிறைவதை முன்னிட்டு, ‘சமைக்காத உணவுக்கு நான் ஏன் மாறினேன்?’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கேட்டார்கள். கூடவே ஒரு போட்டோ. கையில் கேரட் இருந்தால் சிறப்பாம்.

போன வருடம் கேட்டிருந்தால் இருபது பக்கம் எழுதியிருப்பேன். இந்த வருடம் ஒரு வரி ஓடவில்லை. காரணம், இந்தக் கோடையில் கம்பத்தில் ஒரு வீட்டில் இதே கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டார். கேட்டவர் என் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொன்ன பிறகு, பழைய பதில்களை எழுதக் கை கூசுகிறது.

2

பழைய பதில்கள் நல்ல பதில்கள்தான். தேர்தலுக்கு நிற்பவர் தேனியில் ஒன்றும் போடியில் ஒன்றும் பேசுவது போல, நானும் ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்தேன். அலுவலகத்தில் கேட்டால், பூமி சூடாகிறது, என்னால் முடிந்தது. சங்கத்தில் கேட்டால், சித்தர்கள் கனியும் கிழங்கும் தின்று காடு சுற்றியவர்கள், நாம் அவர்கள் வழி. மனைவி செல்வராணி கேட்டால், சர்க்கரை. ஊரில் அண்ணன் கேட்டால், முருகனுக்கு வேண்டுதல். எல்லோரும் தலையாட்டினார்கள். செல்வராணி மட்டும், “ரத்தத்துல சக்கரை இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரே” என்றாள். அதனால்தான் இல்லை, இப்படித் தின்பதால்தான் இல்லை என்றேன். வாதத்தில் என்னை ஜெயிக்க முடியாது. ஆமாம், முட்டாளை யார் ஜெயிப்பது?

காலையில் முளைவிட்ட பாசிப்பயறு. மத்தியானம் டப்பாவில் இலைதழை. ராத்திரி ஊறவைத்த பாதாம், ஒரு பேரிக்காய். ஆரம்பத்தில் கேன்டீன் அம்மாளிடம் ‘நான் சமைக்காததைத்தான் சாப்பிடுவேன்’ என்று ஜெர்மனில் சொல்லப்போய், ‘என்னை இன்னும் யாரும் சமைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்தம்மா என்னைப் பார்த்தால், ‘வெந்தாயிற்றா?’ என்று விசாரிக்கிறார்.

செல்வராணி மாறவில்லை. “நீங்க புல்லு தின்னுங்க. எனக்குக் கொழம்பு வேணும்” என்று சொல்லிவிட்டாள். அதனால் என் சட்டையும் கோட்டும் கட்டடத்துக்கு அடியில் எங்களுக்கு ஒதுக்கிய நிலவறையில் தொங்குகின்றன. தினமும் காலையில் கீழே இறங்கி, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று உடை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். வீட்டில் பூச்சி அரிக்கிறது, அதனால்தான் என்று செல்வராணியிடம் சொல்லிவைத்திருந்தேன். அதையும் அவள் நம்பியது மாதிரி இருந்தாள்.

3

எங்களுக்கு ஒரே மகன், அகிலன். மியூனிக்கில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான். எங்களிடம் தமிழ் பேசுவான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஜெர்மனியில் ரயிலேறி எல்லை தாண்டித் தமிழுக்கு வந்து சேர்வது போல இருக்கும். இடையில் பெட்டி ஏதாவது தொலைந்திருக்கும்.

போன வருடம் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். கயல்விழி. மேல்படிப்புக்கு வந்து அங்கேயே வேலையில் சேர்ந்தவள். சொந்த ஊர் கம்பம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும் கம்பம்! உலகத்தைச் சுற்றி வந்து பக்கத்து ஊரில் பெண் பிடித்திருக்கிறான். வாசலில் நின்றவள் மூக்கை உறிஞ்சி, “அத்தை, கொழம்பு வாசம் கீழ வாசல் வரைக்கும் வருது!” என்று சிரித்தாள். செல்வராணி பூரித்துப்போனாள். நான் பதறிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

அவள் அப்பா தங்கராசு, மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: “மொறையா வீட்டுக்கு வந்து கேக்கட்டும்.”

அதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அவர்கள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. ஒரே பெரியாற்றுத் தண்ணீர்தான் இரண்டு தெருவுக்கும் வருகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பள்ளத்தாக்கில் பிறந்த எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் தெருவிலிருந்து முறையாகப் போய் அங்கே பெண் கேட்டவர்கள் யாரும் இல்லை. நான்தான் முதல். இந்தப் பெருமையில் எனக்கு விமானத்தில் இருக்கையே போதவில்லை.

அனுமந்தன்பட்டியில் இறங்கியதும் அண்ணன் பிடித்துக்கொண்டார். “ஏலே, அந்தத் தெருவுல பொண்ணெடுக்கவா செர்மனி போன?”

“புள்ளைக பிரியப்படுதுக. காலம் மாறிப்போச்சுண்ணே.”

“ஒனக்கு மாறும். நீ ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிருவ. இங்கன இருக்கிறவன் நானு.” திராட்சைப் பந்தலில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். “போறதுன்னா போ. ஆனா அங்கன கைய மட்டும் நனைச்சிராத.”

நான் சிரித்தேன். “நான் எந்த வீட்டுலயும்தான் கை நனைக்கிறதில்லையேண்ணே. நம்ம வீட்டுலயே வெள்ளரிக்காதான் திங்கிறேன்.”

அண்ணன் முகம் திராட்சைக்கு நல்ல விலை வந்தது போல மலர்ந்துவிட்டது. “அட! நல்ல ரோசனைடா!” என்று முதுகில் தட்டினார்.

என்ன ரோசனை, எதற்குத் தட்டினார் என்று ஒரு நொடி நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற இடத்தில் எனக்குப் பயறு முளைவிட்டுக்கொண்டிருந்தது.

4

செல்வராணி, அகிலனோடு போய் இறங்கியபோது தங்கராசு வீட்டில் வரவேற்பு ஒழுங்காகத்தான் இருந்தது. “வாங்க சார், உக்காருங்க.” ஒல்லியான மனிதர், சலவைச் சட்டை. பேசும்போது கண்ணை எடுக்க மாட்டார். மின்கம்பத்தில் ஏறியிறங்கியவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். அவர் மனைவி பாக்கியம் அடுக்களை நிலையில் நின்று கும்பிட்டார். கயல் பத்து நாள் லீவில் முன்னமே வந்திருந்தாள்.

மழை, மின்வெட்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகளின் வேகம் எல்லாம் பேசினோம். நான் இரண்டு ஜோக்கு சொன்னேன். ஒன்றுக்குச் சிரித்தார். பிறகு, “சாப்பிட்டுட்டுப் பேசுவோம்” என்று எழுந்தார். கூடத்தில் வாழையிலை விரித்தாயிற்று.

அங்கே பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் பேச்சு முடிந்தது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் உணவு முறையை உலகமே மதிக்கிறது, தங்கராசு மதிக்க மாட்டாரா என்று ஒரு மிதப்பு. இலையில் உட்கார்ந்தேன். பாக்கியம் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். கையை நீட்டி இலையை மறைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி சொன்னேன்:

“எனக்கு இதெல்லாம் வேணாம்மா. சமைச்சது எதுவும் தொடுறதில்ல. ஒரு இளநி, ரெண்டு வாழைப்பழம் போதும்.”

கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் தட்டியது. செல்வராணி என்னைப் பார்த்த பார்வையில் முளைவிட்ட பயறு கருகியிருக்கும்.

கயல் மெதுவாக, “மாமா... நீங்க வீகன்னு சொன்னதால அம்மா பால், நெய், தயிர் எதுவும் சேர்க்கல. அதுக்குன்னே புதுச் சட்டி வாங்குனாக. பாயசம்கூடத் தேங்காப்பால்” என்றாள். அதாவது என் பச்சை விரதத்தில் பாதிதான் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் சொல்லவே இல்லை; அகிலனும் வீகன் என்பதோடு நிறுத்திவிட்டான். பெண் கேட்கும் பரபரப்பில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நிலைமையைச் சரிசெய்ய என் மகன் முன்வந்தான். அவன் இருக்கும் இடத்தில் இந்த மாதிரிச் சாப்பாட்டுக்குச் ‘சுத்தமாகச் சாப்பிடுவது’ என்று பெயர். அதை அப்படியே தமிழுக்கு ரயிலேற்றினான்:

“அங்கிள், தப்பா நினைக்காதீங்க. பப்பா சுத்தமான சாப்பாடு மட்டும்தான் சாப்பிடுவார்.”

5

என் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அறுவடைக்கு ஆள் கூப்பிட அவர் கம்பத்துக்கு, இதே தெருவுக்குப் போவார். கலர் குடிக்கக் கிடைக்கும் என்று நானும் ஒட்டிக்கொண்டு போவேன். அவருக்கு வீட்டு வாசலில் நாற்காலி போடுவார்கள். சோறு வேண்டாம் என்பார், காப்பி வேண்டாம் என்பார், சொம்புத் தண்ணீரும் வேண்டாம் என்பார். கண்ணெதிரே சீவிய இளநீர் குடிப்பார். தோலோடு இருக்கிற வாழைப்பழம் வாங்குவார். மூடி கழற்றாத கலர் பாட்டிலை எனக்கு வாங்கித் தருவார். எங்கள் தெருவில் அதற்கே அவருக்குத் தாராள மனசுக்காரர் என்று பெயர். அடுப்பும் கையும் படாதது எதுவோ அது மட்டும்தான் அந்தத் தெருவிலிருந்து எங்கள் வாய்க்குள் போகலாம்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, ஜெர்மனி போய், பெருந்தன்மையோடு திரும்பி வந்து, அதே தெருவில் உட்கார்ந்துகொண்டு இளநீர் கேட்கிறது. வாழைப்பழமும் கேட்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யார் குரல் என்று எனக்கே கேட்டது.

தங்கராசு எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. தன் இலையை மட்டும் மெதுவாக மடித்தார்.

“உங்க அண்ணன் சொன்னது சரிதான்.”

“என்ன... அண்ணனா?”

“நேத்தே காதுக்கு வந்திருச்சு சார். தம்பி போவான், பேசுவான், ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான், தந்திரமா ஏற்பாடு பண்ணிட்டோம்னு டீக்கடையில சொல்லியிருக்காக. நான் நம்பல. வெளிநாட்டுல இருக்கிறவுக, படிச்சவுக, அப்படி இருக்க மாட்டாகன்னு இவகிட்டக்கூடச் சொன்னேன்.” பாக்கியத்தைக் காட்டினார். “இவ விடிஞ்சதுலருந்து அடுப்புல நிக்கிறா.”

“அய்யய்யோ, அப்படி இல்லைங்க! இது இயற்கை உணவு...”

“இளநியும் வாழப்பழமும் எங்க அப்பாவும் குடுத்திருக்காரு சார், உங்க தெருக்காரகளுக்கு. எங்களுக்குத் தெரியாத இயற்கையா?”

ஜோக்கு ஒன்று சொல்லப்பார்த்தேன். ஆட்டுக்குட்டிக்கு வைக்கிறதை எனக்கு வையுங்கள் என்பது மாதிரி ஏதோ ஒன்று. பாதியிலேயே விட்டுவிட்டேன். அகிலன் முகம் வெளுத்திருந்தது. தான் சொன்ன வாக்கியத்தில் எந்தப் பெட்டி தொலைந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் தொலைந்துவிட்டது தெரிந்திருந்தது. கயல் அவனைப் பார்க்கவில்லை. அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே வாசல் வழியாக நாங்கள் இப்படியே வெளியே போனால் அவள் எங்கள் பின்னால் வர மாட்டாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

“சரி, அது இல்லேன்னா வேற என்ன?” என்றார் தங்கராசு. “எதுக்காகச் சோத்த விட்டீக? ஒரு காரணம் சொல்லுங்க. நம்புற மாதிரி.”

6

பூமி சூடாகிறது என்று அங்கே சொல்ல முடியுமா? சித்தர்களை இழுக்க முடியுமா? இத்தனை காரணம் வைத்திருந்தவனுக்கு அந்தக் கூடத்தில் ஒரு காரணமும் கைகொடுக்கவில்லை. மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதை அதுவரை செல்வராணியிடம்கூடச் சொன்னதில்லை.

“வாசனைங்க” என்றேன்.

“என்னது?”

“நம்ம சமையல் வாசனை. அங்கன அது ஒட்டிக்கிரும். கோட்டுல, முடியில, பையில. லிஃப்டுல ஏறுனா கூட ஏறுறவுக மூக்கு சுருங்கும். ஒண்ணும் சொல்ல மாட்டாக. சிரிச்சிக்கிட்டே, ‘இன்னிக்கு மசாலாவா?’ன்னு கேப்பாக. மேல்வீட்டம்மா மாடிப்படியில ஒரு வாசனை ஸ்ப்ரே வச்சிச்சு, எங்க கதவுக்கு நேரா.”

நான் தொடர்ந்தேன். அகிலன் பள்ளியில் படிக்கிறபோது ஒரு குளிர்காலக் காலையில் தன் ஜாக்கெட்டைப் பால்கனிக் கம்பியில், கொட்டுகிற பனியில் தொங்கவிட்டிருந்தான். ஏன்டா என்று கேட்டேன். ‘அது வீடு மாதிரி நாறுது பப்பா’ என்றான். இதைச் சொல்லும்போது நான் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரியும்.

“அப்புறம் ரெண்டு வருசம் முன்னாடி, குடியுரிமை மனுவுக்கு ஆபீஸ்ல கூப்பிட்டாக. சனவரி மாசம். வெளிய ஐசு. நான் போய் எதிர்ல உக்காந்ததும் அந்த ஆபீசரம்மா எந்திரிச்சுப் போயி ஜன்னல அகலமாத் திறந்துவிட்டுச்சு. அன்னிக்குக் காலையில நான் கருவாட்டுக் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டிருந்தேன். அது கேக்குற கேள்விக்கெல்லாம் மூச்ச அடக்கிக்கிட்டே பதில் சொன்னேன். வெளிய வந்து ரோட்டுல நின்னு முடிவெடுத்தேன், இனிமே அடுப்பு ஏறுனது எதுவும் வேணாம்னு. இலைதழைக்கு வாசம் இல்லைங்க. அதான். மத்ததெல்லாம் நானாச் சொல்லிக்கிட்டது.”

செல்வராணி, “அப்ப அந்தக் கோட்டு... நெலவறையில...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அகிலன் தலையை நிமிர்த்தினான். “பப்பா, அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் ஜன்னல் திறப்பாங்க. ரூமுக்குக் காத்து மாத்துறதுக்கு. அவங்களுக்கு அது வழக்கம். எனக்கும் திறந்தாங்க.”

இரண்டு வருடம்! அந்த அம்மாள் காற்றுக்காகத் திறந்த ஜன்னல் வழியாக என் இட்லி, ரசம், கருவாடு எல்லாம் பறந்து போயிருக்கின்றன. சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் சிரிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

தங்கராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு ஜன்னலுக்கா சார்?”

“ஒரு ஜன்னலுக்குத்தான்.”

அடுத்துப் பேசியது பாக்கியம். நாங்கள் வந்ததிலிருந்து எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர், சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“எங்களப் பாத்து ஊரே கதவ சாத்துச்சு. நாங்க என்ன, அடுப்ப அணைச்சுப்போட்டா ஒக்காந்திருந்தோம்?”

7

இலையை மறைத்திருந்த கையை எடுத்தேன். “சோறு போடும்மா” என்றேன். குரல் எனக்கே பிச்சைக்காரன் குரல் மாதிரி இருந்தது.

பாக்கியம் உடனே போடவில்லை. தங்கராசுவைப் பார்த்தார். அவர் யோசித்தார். பிறகு, மடித்துவைத்த இலையைத் திரும்ப விரித்தார். அவ்வளவுதான் அனுமதி.

சோறு ஆறியிருந்தது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மொச்சைக் கூட்டு, ரசம். இரண்டு வருடம் கழித்து நாக்கில் புளி பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால் என்று சொல்லிக்கொண்டேன். பொய்க் காரணம் சொல்லும் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? தங்கராசு எதிரே உட்கார்ந்து தன் இலையில் தின்றபடியே, என் கை வாய்க்குப் போவதையும் வருவதையும் அளவெடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினால் என்ன அர்த்தமோ என்று பயந்து நிறுத்தாமல் தின்றேன். மூன்று பேருக்கு உள்ளதைத் தின்றேன். வெள்ளரிக்காய் வயிறு என்ன பாடுபடும் என்று செல்வராணி கண்ணாலேயே எச்சரித்தாள். தேங்காய்ப்பால் பாயசத்தையும் குடித்தேன். அகிலன் அதற்குள் பாக்கியத்தின் பக்கத்தில் போய் நின்று எதையோ சொல்லத் தமிழ் தேடிக்கொண்டிருந்தான். கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவர் கையிலிருந்த குழம்புச் சட்டியை வாங்கிக்கொண்டு, தானே எல்லோருக்கும் ஊற்ற ஆரம்பித்தான். மேலெல்லாம் சிந்தியது. துடைக்கவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அண்ணன்.

“என்னடா, பேசிட்டுக் கௌம்பிட்டியா? இளநி குடிச்சியா?”

“கை நனைச்சிட்டேண்ணே.”

அண்ணன் போனை வைத்துவிட்டார். ராத்திரி அனுமந்தன்பட்டியில் எங்களுக்குப் படுக்க இடம் இருக்குமா என்பது அப்போதே சந்தேகம்தான்.

வாசலுக்கு வந்தோம். வாடகைக் கார் நின்றது. தெருமுனை டீக்கடையில் நாலு பேர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கயல் கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் இன்னும் பதில் இல்லை. அவளும் தன் அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயிறு உள்ளே ஏதோ அறிவிப்பு செய்தது. எல்லோருக்கும் கேட்டது.

கை நனைந்துவிட்டது, முறைப்படி பார்த்தால் முடிந்த விஷயம் என்று தைரியம் வரவழைத்துக்கொண்டு தங்கராசுவிடம் கேட்டேன்: “அப்ப... நாள் குறிச்சிரலாமா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். டீக்கடைப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மொதல்ல செமிக்கட்டும் சார்.”